தின்னப்படும் இலைகளுக்காக ஒரு தோட்டம்

சென்னையில் ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2,400 சதுர அடியில், வீடு கட்டியிருப்பவர்களுக்குத் தோட்டம் என்பது பெரும்பாலும் கட்டட விதிகள் காலியாக விடச் சொன்ன இடம்தான். முன்பக்கம் பத்தடி சொச்சம், பக்கவாட்டில் ஐந்தடி, பின்புறத்தில் மோட்டாரும் துணி துவைக்கும் கல்லும் போக மிஞ்சும் ஒரு துண்டு நிலம். செட்பேக் என்று நாம் எல்லோரும் சொல்லும் இந்த ஒடுங்கிய பட்டையைத்தான் நான் நகரத் தோட்டமாகக் கருதுகிறேன். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள அந்தப் பட்டையில் பறவைக்கும் பூச்சிக்கும் இடம் கொடுத்து, அதே நேரத்தில் இன்றைய வீட்டின் நேர்க்கோடுகளுக்கும் பொருந்தும்படி எப்படி நடுவது என்பதைப் பற்றிப் பல ஆண்டுகளாக யோசித்தும் செய்தும் வருகிறேன். அதிலிருந்து நான் தெளிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

நகரத்தில் தோட்டம் அமைத்துத் தருபவர்கள் இப்போது நடும் செடிகளின் பட்டியல் ஏறக்குறைய எல்லாத் தெருக்களிலும் ஒன்றுதான்: உருண்டையாக வெட்டப்பட்ட ஃபைகஸ், மஞ்சள் இலைத் துரந்தா வேலி, வாசலின் இருபுறமும் ஃபாக்ஸ்டெயில் பனை, தரையில் கொரியன் புல். பார்வைக்கு இவை சுத்தமாகவே இருக்கின்றன. ஆனால் ஆண்டு முழுவதும் ஓர் இலைகூடக் கடிபடாமல் இருக்கிறது என்றால், அந்தத் தோட்டத்தில் எந்த உயிரும் உணவு உண்ணவில்லை என்றுதான் பொருள். உயிர்களுக்கான தோட்டம் என்று பேசும்போது நாம் உடனே பூக்களையும் தேனையும் நினைக்கிறோம். தேன் வேண்டும்தான், இருந்தாலும் அது பறந்து வரும் விருந்தாளிக்கான உணவு மட்டுமே. ஓர் உயிர் நம் தோட்டத்தில் பிறந்து வளர வேண்டுமானால் அது தின்னக்கூடிய இலை அங்கே இருக்க வேண்டும். ஆகவே எந்தச் செடி என்பதைப் புழுவின் தேவையைக் கொண்டும், அதை எங்கே எத்தனை நடுவது என்பதை நம் கண்ணின் தேவையைக் கொண்டும் முடிவு செய்கிறேன். எனது நடவுத் திட்டத்தின் அடிப்படை முழுவதும் இதில் அடங்கிவிடும்.

புழுவின் தேவை என்பது மிகவும் குறுகலானது. தேனுக்காகப் பல பூக்களை நாடும் வண்ணத்துப்பூச்சி, முட்டையிடும்போது மட்டும் தனக்குரிய ஒரு சில செடிகளைத் தவிர வேறெதிலும் இடுவதில்லை, ஏனெனில் அதன் புழுவால் வேறு இலையைச் செரிக்க முடியாது. வெந்தய வரியனுக்கு எருக்கு, எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சையும் நாரத்தையும், நீல வரியனுக்குப் பெருங்குறிஞ்சான் கொடி, வெண்புள்ளிக் கருப்பனுக்கு அரளியும் நன்னாரியும் என்று இந்த உறவுகள் நெடுங்காலமாக அமைந்தவை. அந்தப் புழுக்கள் எல்லாம் சிறகு விரிப்பதும் இல்லை; பெரும்பகுதி தையல்சிட்டின் வாய்க்கும் குளவியின் வாய்க்கும் போய்ச் சேர்கின்றன. அதுவும் வேண்டியதுதான். பூவில் தேன் குடிக்கும் ஊதாத் தேன்சிட்டுகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியையும் சிலந்தியையும் பிடித்துக்கொண்டு வந்துதான் ஊட்டுகிறது. புழு இல்லாத தோட்டத்தில் கூடு இருக்காது.

இரண்டே செடிகளை அருகருகே நட்டு, இயற்கையின் மிக நுட்பமான ஏற்பாடு ஒன்றை வாசலிலேயே காண முடியும் என்பதை நண்பர்களிடம் நான் எப்போதும் சொல்வதுண்டு. ஒன்று, எல்லோர் வீட்டிலும் இருக்கும் கறிவேப்பிலை. மற்றொன்று ஈஸ்வரமூலி என்னும் கொடி. ஈஸ்வரமூலியின் இலையில் உள்ள நச்சுப்பொருளை, அதைத் தின்னும் ரோஜா அழகியின் புழுவும் சிவப்புடல் அழகியின் புழுவும் தம் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. சிறகு முளைத்த பிறகும் அந்த நஞ்சு நீடிப்பதால், ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அந்தச் சிவப்பு உடலையும் கறுப்புச் சிறகையும் கண்டாலே ஒதுங்கிவிடுகிறது. கறிவேப்பிலையில் வளரும் கறிவேப்பிலை அழகிக்கு அப்படி எந்த நஞ்சும் கிடையாது. ஆனால் அதன் பெண் பூச்சிகளில் ஒரு வகை ரோஜா அழகியைப் போலவும், இன்னொரு வகை சிவப்புடல் அழகியைப் போலவும் சிறகின் நிறத்தை அமைத்துக்கொண்டு, அவற்றின் கெட்ட பெயரால் தாமும் தப்பிக்கின்றன. மூன்றாவது வகைப் பெண் மட்டும் ஆணைப் போலவே கறுப்பில் வெள்ளைப் பட்டையுடன் பறக்கிறது. நஞ்சுள்ளவையும் அவற்றைப் பார்த்து வேடமிட்டவையும் ஒரே வெட்சிச் செடியில் தேன் குடிப்பதை, கொஞ்சம் பொறுமை இருந்தால், ஒரே காலை வேளையில் பார்த்துவிடலாம். இதற்குத் தேவைப்படும் இடம் ஒரு கதவின் அகலம்தான்.

ஈஸ்வரமூலியைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதன் நச்சு மனிதச் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது, புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது. எனவே நாட்டு மருந்து என்ற பெயரில் யாரும் அதன் இலையையோ வேரையோ வாயில் போடக் கூடாது. அடுத்தது, நர்சரிகளில் அதே குடும்பத்தைச் சேர்ந்த, பெரிய பூ பூக்கும் வெளிநாட்டுக் கொடி ஒன்று அலங்காரத்துக்காக விற்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பேர்ட்விங் என்னும் வண்ணத்துப்பூச்சி, இப்படித் தோட்டங்களில் நடப்பட்ட அயல்நாட்டுக் கொடியைத் தன் கொடியென நம்பி முட்டையிட, பிறந்த புழுக்கள் அதைத் தின்று இறந்துபோவது நன்கு அறியப்பட்ட செய்தி. பார்வைக்கு நெருங்கிய உறவாக இருப்பது மட்டும் போதாது. எந்த மண்ணில் வளர்ந்த கொடி என்பதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இந்த மண்ணுக்குரிய செடிகள் எவை என்பதை அறியச் சென்னைவாசிகள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சோழமண்டலக் கரையோரம் ஒரு காலத்தில் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம், சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிண்டி தேசியப் பூங்காவாக நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டிக் குப்பை கொட்டிக் கிடந்த 58 ஏக்கரில் இந்தக் காட்டின் செடிகளையே நட்டு மீட்டெடுத்த தொல்காப்பியப் பூங்கா 2011இல் திறக்கப்பட்டது. இந்தக் காடு உயரமானதன்று. சிறிய, தடித்த, பளபளக்கும் இலைகளைக் கொண்ட புதர்களும் குறுமரங்களும் நெருக்கமாகப் பின்னிக்கிடக்கும் காடு. ஆண்டு மழையில் பெரும்பங்கை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வாங்கிக்கொண்டு, பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் கிடைக்காமல், கடற்காற்றையும் புயலையும் தாங்கி வாழப் பழகிய செடிகள் அவை. 2015 டிசம்பர் வெள்ளம், மறு ஆண்டு டிசம்பர் 12 அன்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான காற்றோடு கடந்து ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த வர்தா புயல், நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வற்றிப்போய் லாரித் தண்ணீருக்குத் தெருவெல்லாம் குடங்கள் நின்ற 2019 கோடை என்று நான்கே ஆண்டுகளில் இந்த நகரம் பார்த்த மூன்று முனைகளையும் ஒரு நடவுத் திட்டம் தாங்கியாக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த 2019 கோடையில் அரிசி களைந்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் மட்டும் வாங்கிக்கொண்டு இலை உதிர்க்காமல் நின்றவை காயாவும் கொஞ்சியும் பாவட்டையும்தான்.

இந்தப் புதர்களுக்கு இன்னொரு தகுதியும் உண்டு. இரண்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே உள்ள ஐந்தடிப் பக்கவெளியில் நாளுக்கு இரண்டு மணி நேர வெயில்கூட விழாது. அங்கே எதுவும் வளராது என்று சொல்லிப் பலர் சிமெண்டு போட்டு மூடிவிடுகிறார்கள். காட்டின் அடித்தட்டில் பெரிய செடிகளின் நிழலிலேயே முளைத்து வளரும் கொஞ்சிக்கும் காட்டெலுமிச்சைக்கும் காயாவுக்கும் அந்த அரைநிழல் பிறந்த வீடு. கொஞ்சியும் காட்டெலுமிச்சையும் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் கறிவேப்பிலை அழகி அவற்றிலும் முட்டையிடும். கொஞ்சியின் இளஞ்சிவப்புப் பழத்துக்குக் கொண்டைக்குருவி வரும். இப்படிப் பக்கவெளியில் ஒரு நெருக்கமான பசுஞ்சுவர் எழும்பினால், பக்கத்து வீட்டுக் குளியலறைச் சன்னலும் மறைகிறது, சுவரின் சூடும் தணிகிறது.

இனி ஒழுங்கைப் பற்றி. நாட்டுச் செடி நடுகிறேன் என்று ஆர்வத்தோடு தொடங்குபவர்கள் பலர், கிடைத்ததில் எல்லாம் ஒவ்வொன்று வாங்கி வந்து கிடைத்த இடத்தில் எல்லாம் வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் தோட்டத்துக்கு உருவம் வருவதில்லை. வண்ணத்துப்பூச்சிக்கும் அதனால் நன்மை குறைவு, ஏனெனில் தனியாக நிற்கும் ஒரு சிறு செடி ஒரே ஈட்டுப் புழுக்களுக்கே போதாமல் மொட்டையாகிவிடும். நான் பின்பற்றுவது இதற்கு மாறானது. பக்கவெளி முழுவதற்கும் ஆதாரமாக ஒரே ஒரு புதரை, எங்கள் வீட்டில் காயாவை, சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப நடுவது. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று பாடிய மண்ணில் இந்தச் செடியை நர்சரிக்காரர்களே அறியாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. கரும்பச்சை இலை, மெதுவான வளர்ச்சி, கோடையில் கிளையை ஒட்டிக் கொத்துக்கொத்தாகப் பூக்கும் நீலம் என எல்லாம் அமைந்த அதை வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினால் வேறு அலங்காரமே வேண்டியதில்லை. இந்த ஆதாரச் செடிகளின் இடைவெளிகளில் கொஞ்சி, பாவட்டை, சித்திரமூலம், செம்முள்ளி ஆகியவற்றை மூன்று, ஐந்து எனக் கூட்டமாக நட வேண்டும். தொட்டியில் அல்லாமல் தரையில் இரண்டடி இடைவெளி விட்டால் இரண்டு மழைக்காலத்தில் மண் தெரியாமல் மூடிக்கொள்ளும்.

நடவு இப்படி அடர்ந்து கலந்திருக்கும்போது விளிம்பு மட்டும் கத்தியால் வெட்டினாற்போல் நேராக இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கடப்பா கல் பாவிய இரண்டடி நடைபாதை, அதன் ஓரமாக ஒரே உயரத்தில் ஒரு வரிசை எலுமிச்சம்புல் அல்லது வெட்டிவேர், தெருவைப் பார்த்த கம்பிவேலியின்மேல் கத்தரித்து நிறுத்திய ஒரே கொடி ஆகிய மூன்று கோடுகளும் ஒழுங்காக இருந்தால், உள்ளே இலைகள் ஓட்டையாக இருப்பதையும் சருகு கிடப்பதையும் பார்ப்பவர் கண் அலட்சியம் என்று எண்ணாது. "இலையெல்லாம் பூச்சி அரிச்சிருக்கேம்மா, மருந்து அடிக்கச் சொல்லக் கூடாதா?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டபோது, அந்தப் பூச்சியை எடுத்துக்காட்டி, அது இன்னும் சில நாளில் என்னவாகும் என்று சொன்னேன். பிறகு அவர்கள் வீட்டு நந்தியாவட்டையில் நீலக் கண்போன்ற புள்ளியோடு விரல் தடிமனில் பச்சைப் புழு ஒன்று தென்பட்டதும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அது அரளியிலும் நந்தியாவட்டையிலும் வளரும் பெரிய பச்சை அந்துப்பூச்சியின் புழு; பார்க்க அச்சமூட்டினாலும் கடிக்காது.

முன்பக்கம் வெயில் உள்ள இடம் என்பதால் அங்கே ஒரு மரத்துக்கு இடமுண்டு. ஆனால் ஒன்றுக்குமேல் கூடாது. சம்ப்பும் கழிவுநீர்க் குழாயும் இருக்கும் முன்பக்கத்தில் ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் வேர் எங்கே நுழையும் என்று சொல்ல முடியாது. சரக்கொன்றை அடக்கமான மரம், சித்திரை வைகாசியில் பூத்துத் தொங்கும், அதன் தளிரை எலுமிச்சை நிறச் சிறகுடைய ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் சில நேரம் கிளை முழுவதும் மொட்டையடித்தாலும் மறுபடி துளிர்க்கும். மாவிலங்கம் இன்னும் அழகு என்பது என் கருத்து. கோடையின் தொடக்கத்தில் இலையுதிர்த்து, வெண்மையும் இளமஞ்சளுமாகப் பூக்கும்போது தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். அதன் இலையை நம்பி வாழும் வண்ணத்துப்பூச்சிகள் பல. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர மணற்பகுதியில் வசிப்பவர்களாக இருந்தால் நான் தயங்காமல் புன்னையைச் சொல்வேன், மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் தல மரமும் அதுவே, உப்புக்காற்றுக்கும் பெருங்காற்றுக்கும் அது அஞ்சாது.

மரத்தடிக்கு வெளியே, முழு வெயிலில் ஆவாரை. அதன் மஞ்சள் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே உண்டு; அதுவும் மகரந்தப் பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வெளிவரும். கறுத்துப் பருத்த தச்சன் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு, சிறகை அசைக்காமல் சிறகின் தசையை மட்டும் அதிரவைக்க, அந்த அதிர்வில் மகரந்தம் உதிர்ந்து அதன் உடம்பில் கொட்டுகிறது. வீட்டில் கத்தரியும் தக்காளியும் வளர்ப்பவர்களுக்கு இந்த அதிர்வு பெரிய உதவி, ஏனெனில் அவற்றின் மகரந்தப் பையும் இதே அமைப்புதான். தச்சன் தேனீ காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் குடைந்துதான் குடியிருக்கும் என்பதால், பட்டுப்போன கிளை ஒன்றை எங்காவது விட்டுவைப்பதும் நடவுத் திட்டத்தின் பகுதியே.

தரையைப் பற்றி எனக்குச் சற்றுக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. தண்ணீருக்குத் தவம் கிடக்கும் நகரத்தில், தினமும் நீர் கேட்கும் புல்தரையை நான்கு பக்கமும் வளர்ப்பது நியாயமில்லை. நடக்கும் இடத்தில் பசுமை வேண்டுமென்றால் ஏரிக்கரையில் தானே படரும் பொடுதலை இருக்கிறது. மிதித்தால் தாங்கும், சில நாள் நீர் தேங்கினாலும் வாரக்கணக்கில் காய்ந்தாலும் பிழைக்கும், அதன் குட்டிப் பூக்களுக்குக் கொசுத்தேனீயும் நகத்தின் அளவேயான நீல வண்ணத்துப்பூச்சிகளும் வரும். புதர்களுக்கு அடியில் எதுவும் நட வேண்டாம், சருகை மட்டும் பெருக்காமல் விட்டால் போதும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டும் ஆறுமணிக்குருவி, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்க வரும் வழியில், ஐப்பசி வாக்கில் சென்னையின் வீட்டுத் தோட்டங்களில் களைத்துப்போய் இறங்குவதை ஆண்டுதோறும் பலர் கண்டு வியக்கிறார்கள். பச்சையும் நீலமும் சிவப்புமாக ஒளிரும் அந்தப் பறவை மரக்கொம்பில் இரை தேடுவதில்லை. சருகைப் புரட்டிப் புழுவும் பூச்சியும் பிடித்துத்தான் பசியாறும். தினமும் பெருக்கித் தள்ளும் தோட்டத்தில் அதற்கு ஒரு வாய் உணவும் இல்லை.

பறவைக்குத் தண்ணீர் வைப்பதில் கொசு பற்றிய அச்சம் நியாயமானதே. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் வேண்டும்; ஆகவே இரண்டு நாளைக்கு ஒருமுறை நீரைக் கொட்டி, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும், முட்டைகள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு காய்ந்தபடியே பல மாதம் உயிரோடு இருக்கும் என்பதால் நீரை மாற்றுவது மட்டும் போதாது. ஓர் அங்குல ஆழமுள்ள சொரசொரப்பான மண்சட்டி போதுமானது. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்த் தொட்டியின் ஓரத்தில் ஈரம் தங்கும், வல்லாரையை அங்கே நடலாம். தோட்ட விளக்குகளைப் பொறுத்தவரை, செடிகளை நோக்கி ஒளி பாய்ச்சுவதை நான் அடியோடு தவிர்த்துவிடுவேன். பவழமல்லிக்கும் பாவட்டைக்கும் வரும் அந்துப்பூச்சிகள் விளக்கைச் சுற்றியே வீணாகிப்போகின்றன.

மருந்து விஷயத்தில் வேப்பெண்ணெய் இயற்கையானது, ஆகவே அடிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். புழு தோலுரிப்பதைத் தடுத்துத்தான் வேம்பு வேலை செய்கிறது. அழகியின் புழுவுக்கும் அதே கதிதான். நர்சரியிலிருந்து வரும் செடிகளில் ஏற்கெனவே மருந்து அடித்திருக்க வாய்ப்புண்டு என்பதால் சில வாரம் நன்றாகக் கழுவி வளர்த்த பிறகே தரைக்கு இறக்க வேண்டும். செம்பருத்தியில் அடுக்கு வகையை விட்டு ஒற்றை வகையையே கேளுங்கள். அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறிவிடுவதால் வந்த தேனீக்கு மகரந்தம் கிடைப்பதில்லை.

நடும் முன் மண்ணைத் தோண்டிப் பார்ப்பது அவசியம். மாம்பலம், தியாகராய நகர், அண்ணா நகர் பக்கம் களிமண், கரையோரம் மணல், கிண்டியில் சிறிது தோண்டினாலே பாறை. ஆனால் செட்பேக்கில் முதலில் கிடைப்பது எங்கும் ஒன்றுதான், வீடு கட்டியபோது கொட்டிய சிமெண்டும் செங்கல் துண்டுகளும். இரண்டடி ஆழத்துக்கு அதை அள்ளி அப்புறப்படுத்திவிட்டு, இலைமக்கும் தோட்ட மண்ணும் இட்டு, புரட்டாசியில் முழங்கால் உயரத்துக்கு மேற்படாத கன்றுகளாக நடுவதே நல்லது. ஆளுயரக் கன்றுகள் உடனே தோட்டம்போல் தோன்றும். ஆனால் பையில் வேர் சுருண்டு வளர்ந்த செடி முதல் புயலிலேயே ஆடிப்போகும், அடுத்த கோடைக்கு லாரித் தண்ணீரையும் எதிர்பார்க்கும். முதல் கோடையில் மட்டும் வாரம் இருமுறை ஆழமாக நீர் விட்டால், பிறகு அவை தாமே பார்த்துக்கொள்ளும். கத்தரிப்பதைத் தை மாதத்தில் வைத்துக்கொள்ளலாம். பாதையோரமும் கம்பிவேலியும் தவிர மற்ற இடங்களை ஒரே நாளில் வெட்டாமல் மூன்றில் ஒரு பங்காகப் பிரித்து வெட்டச் சொல்லுங்கள், வெட்ட வருபவரிடம் கத்தியைக் கொடுக்கும் முன் தைத்த இலைக்கூடும் தொங்கும் கூட்டுப்புழுவும் எப்படியிருக்கும் என்று ஒருமுறை கிளையைப் பிடித்துக் காட்டிவிடுங்கள்.